கொல்லையில் ஒரு அவுட் ஹவுஸ்: சுயசான்று அனுமதி செட்டிநாட்டுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

கட்டுகிறவரே விவரங்களுக்கு உறுதிமொழி கொடுத்து வாங்கும் அனுமதி இது. 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு தொடங்கிய இந்தச் சுயசான்று கட்டட அனுமதித் திட்டம், அளவாக வீடு கட்டுகிறவர்களுக்கு இதுவரை வந்ததில் நல்ல சேவை என்று தயங்காமல் சொல்லலாம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் வேண்டுமானால் மேலே ஒரு மாடியும். இந்த வரம்புக்குள் இருந்தால் மனையைப் பார்க்க யாரும் வருவதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரங்களைக் கொடுத்துப் பணம் கட்டினால், கியூஆர் குறியீட்டோடு அனுமதி அப்போதே இறங்கிவிடும்.

காரைக்குடி செக்காலையிலோ சுப்பிரமணியபுரத்திலோ அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் பெற்றோருக்காகப் பின்பக்கம் ஒரு அறையும் சமையலறையும் கட்ட நினைப்பவருக்கு இது மிகவும் உதவும். அதே 400 சதுர அடியைக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வளவு வீட்டின், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பழைய செட்டிநாட்டு வீட்டின், பின்கட்டைத் தாண்டியுள்ள தோட்டத்தில் கட்ட நினைத்தால் இந்த வாசல் திறக்காது. கட்டப்போவது சிறியதுதான், ஆனால் மனை பெரியது. முன்தெருவில் முகப்பு வைத்துப் பின்தெரு வரை ஓடும் பழைய வீட்டு மனைகள் 2,500 சதுர அடிக்குள் அடங்குவது அரிது. வரம்பை மனையின் அளவை வைத்து நிர்ணயித்ததுதான் இந்தத் திட்டத்தில் செட்டிநாட்டுக்குப் பொருந்தாத இடம். புதிதாகக் கட்டும் பரப்பையும் சேர்த்துப் பார்த்திருந்தால், இங்கே பூட்டிக் கிடக்கும் பல வீடுகளின் கொல்லையில் காவல் இருப்பவர் குடும்பத்துக்கோ, தனியாக இருக்கும் ஆச்சிக்கோ நல்ல கழிப்பறையோடு ஒரு வீடு எளிதாக எழும்பியிருக்கும்.

முதலில் உங்கள் மனை அந்த வரம்பின் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். இங்கே அலகுக் குழப்பத்தில் சறுக்குபவர்கள் அதிகம். பத்திரம் சென்ட்டிலும், பட்டா ஹெக்டேர்–ஏர்ஸிலும், நகர நில அளவைப் பதிவேடு சதுர மீட்டரிலும், கொத்தனார் சதுர அடியிலும் பேசுவார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. 2,500 சதுர அடி என்பது சுமார் 232 சதுர மீட்டர், சென்ட்டில் 5.74. ஆகவே ஐந்தரை சென்ட் மனைக்குச் சுயசான்று கிடைக்கும். ஆறு சென்ட் மனை 2,614 சதுர அடி, 114 சதுர அடியால் வெளியே போய்விடும். அந்த வித்தியாசத்தை மறைத்து 2,500 என்று நிரப்பச் சொல்லும் ஆலோசனை யாரிடமிருந்து வந்தாலும் கேட்காதீர்கள். தவறான தகவல் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், நடவடிக்கையும் வரும். உறுதிமொழி கொடுத்தவர் நீங்கள், நிரப்பிக் கொடுத்தவர் அல்ல. அதிகாரி வந்து சரிபார்க்காமல் விடுவதற்கு விலையாக முழுப் பொறுப்பும் விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது.

பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, இடத்தில் டேப் பிடித்தால் வேறோர் அளவு என்று மூன்றும் வேறுபடுவது இங்கே சகஜம். மூன்றில் எது குறைவோ அதை வைத்துக் கட்டட வரைபடம் போடுவதுதான் பாதுகாப்பு. வித்தியாசம் அதிகமென்றால் சர்வேயருக்கு மனு கொடுத்து அளந்து, கல் ஊன்றிவிட்டு மேலே போங்கள்.

இனி பட்டா. செட்டிநாட்டில் அனுமதி தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், இணையதளத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. ஐயா (தாத்தா) பெயரிலோ அவருடைய ஐயா பெயரிலோ பட்டா இருக்கும். இல்லையென்றால் ஏழெட்டுப் பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டா. வளவைச் சுற்றி யாருக்கு எந்த வீடு, எந்த அறை என்று குடும்பத்துக்குள் தெளிவான ஏற்பாடு இருக்கும். முகப்பு, பட்டாலை, வளவு, கிணறு, பின்கட்டு, தோட்டம் எல்லாம் பொது. தோட்டத்தில் ஒருவர் சுவர் எழுப்பினால் அது பொது நிலத்தில் எழும்பும் சுவர். கூட்டுப் பட்டாவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திடாமல், ‘என் பங்குதானே’ என்று விண்ணப்பிப்பது சுயசான்றிலும் செல்லாது, அதிகாரிகள் பரிசீலிக்கும் சாதாரண வழியிலும் நிற்காது. ஒரு பங்காளி ஆட்சேபனை மனு கொடுத்தால் பாதியில் வேலை நிற்கும், கட்டிய செலவுக்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இதற்குச் சட்டப்படி இரண்டு வழிகள் உண்டு. எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து விண்ணப்பித்து, யார் கட்டுகிறார், யார் செலவு, பின்னாளில் யாருக்கு என்பதைத் தனியாகப் பதிவு செய்த ஒப்பந்தமாக எழுதிக்கொள்வது ஒன்று. பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிந்து, தோட்டம் ஒருவர் பெயருக்கு வந்தபின் பட்டா மாற்றி விண்ணப்பிப்பது மற்றொன்று. குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு 2023 ஜூலையில் மாற்றிய விகிதப்படி முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பாகத்துக்கும். விண்ணப்பிக்கும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இறந்தவர் பெயர் பட்டாவில் இருந்தால் வாரிசுச் சான்று முதலில் வர வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முந்தியவர் என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டிவரும்.

தோட்டத்தை மட்டும் 2,400 சதுர அடியாகத் துண்டாக்கி மகன் பெயருக்கு எழுதிவைத்தால் சுயசான்று கிடைக்கும் என்று பலரும் சொல்லித் தருகிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மனையை உட்பிரிப்பதற்கே தனி அனுமதி வேண்டும். அந்தத் துண்டுக்குச் சொந்தமாகத் தெருப் பார்வை, அதாவது நேராகத் தெருவைத் தொடும் பக்கம், இருக்க வேண்டும். பிரித்தபின் புது எல்லையிலிருந்து இடைவெளி விட வேண்டும். அதைவிட, பழைய வீட்டுக் கழிவுநீர்க் குழாயோ கிணற்றுப் பாதையோ அந்தத் துண்டுக்குள் போனால் அது நாளைக்கு வழக்காகும். பின்தெருவில் நல்ல அகலம் இருந்து, குடும்பம் நிஜமாகவே பிரிய விரும்பினால் செய்யுங்கள். அனுமதியை மட்டும் மனதில் வைத்துப் பிரிக்க வேண்டாம்.

பங்காளிகளில் சிலர் மலேசியா, சிங்கப்பூரில் இருப்பார்கள். அவர்கள் அனுப்பும் பவர் பத்திரம் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்றளித்ததாக இருக்கட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். பவரில் ‘கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, படத்தில் கையெழுத்திட, கட்டணம் செலுத்த’ என்று வரிவரியாக இருக்கட்டும். சொத்தைப் பராமரிக்க என்று மட்டும் எழுதிய பழைய பவரை வைத்துக் கட்டட விண்ணப்பம் போட்டால் திரும்பி வரும்.

காகிதம் சரியென்றால் சுயசான்று விண்ணப்பத்தில் பெரிய வேலை இல்லை. உள்ளாட்சி, சர்வே எண், உட்பிரிவு எண், மனை அளவு, கட்டடப் பரப்பு நிரப்பி, பத்திரம், பட்டா, படம், மனையின் புகைப்படம் ஏற்ற வேண்டும். நகரப் பகுதிகளில் பழைய சர்வே எண்ணும் நகர சர்வே எண்ணும் வேறு வேறு. பத்திரத்தில் பழைய எண் இருக்கும், பட்டாவில் புதியது. இரண்டுக்கும் தொடர்பைக் காட்டும் நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் கையில் வைத்திருங்கள். காலி இடத்தைப் புல் மறைத்த புகைப்படமாக எடுக்காமல், எல்லைக்கல்லும் தெருவும் தெரியும்படி எடுங்கள்.

கட்டணம் உள்ளாட்சியைப் பொறுத்தது. கட்டடப் பரப்புக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வரும். மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் உண்டு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது சுற்றுவட்டப் பேரூராட்சி, ஊராட்சிப் பகுதிகள் சிலவும் உள்ளே வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் முன்பு கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், திரையில் வரும் தொகையைப் பாருங்கள். இந்த ஒரே தொகை முறை நல்ல ஏற்பாடு. எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கவுன்டருக்குக் கவுன்டர் விசாரிக்க வேண்டியதில்லை.

மனையில் ஏற்கெனவே வீடு இருந்தால் அதன் பரப்பை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு என்பது மனையில் நிற்கும் எல்லாத் தளங்களின் கூட்டுத்தொகையை மனைப் பரப்பால் வகுப்பது. பழையதை மறைத்தால் அந்தக் கணக்கே பொய். 2,400 சதுர அடி மனையில் 2,000 சதுர அடி வீடு இருந்து, 400 சேர்த்தால் மொத்தம் 2,400. எந்த வரம்பும் மீறாத வீட்டுக்குப் போய் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

வளவு வீட்டுக்காரர்களுக்கு உள்ளது சாதாரண வழி. அதுவும் ஒற்றைச் சாளரத்தில்தான், ஆனால் பதிவு பெற்ற பொறியாளர் வேண்டும், படம் கணினிப் பரிசோதனைக்குப் போகும், நேரில் பார்வையிடுவார்கள். குடியிருப்பு 10,000 சதுர அடிக்குள் என்றால் உள்ளாட்சியே அனுமதி தரலாம். 60 அடிக்கு 160 அடி மனை, 9,600 சதுர அடி என்று வையுங்கள். சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 2, ஆக 19,200 சதுர அடி வரை இடம் உண்டு. 6,000 சதுர அடி வளவு வீட்டோடு 400 சேர்ப்பதில் பரப்புச் சிக்கல் ஏதும் வராது. இரட்டை வளவோடு பழைய வீடே 10,000-ஐ நெருங்கும் இடங்களில் கோப்பு நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்துக்குப் போகும் என்று எண்ணி நேரம் ஒதுக்குங்கள்.

இங்கே செலவு பிடிக்கும் வேலை, பழைய வீட்டை அளந்து படமாக்குவது. நூறு வருடத்துக்கு மேலான வீட்டுக்கு அனுமதிப் படம் என்று ஒன்று இருக்காது. தூண், திண்ணை, முற்றம், மாடி அறை என்று முழுவதையும் அளந்தால்தான் படம் முழுமையாகும். 400 சதுர அடி கட்ட 6,000 சதுர அடியை வரைய வேண்டும் என்பது நியாயமான சுமையாகத் தெரியவில்லை. ஆனாலும் இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பின்னாளில் கூரை மாற்ற, வங்கிக்கடன் வாங்க, பாகம் பிரிக்க அந்தப் படமே பயன்படும். திறந்த முற்றத்தைக் கட்டடப் பரப்பில் சேர்த்துவிட்டால் எண் கூடிவிடும், பொறியாளர் போட்ட பரப்புக் கணக்கை நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வீடு பழையது என்பதற்குச் சொத்து வரி ரசீதுகளை, எவ்வளவு பழையது கிடைக்கிறதோ அவ்வளவு பழையதாக இணையுங்கள்.

வாசல் எந்தத் தெருவில் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். முன்தெரு வழியாக, பழைய வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் மணல் லாரிக்கும் வழியில்லை, ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸுக்கும் வழியில்லை. பின்தெரு வாசல்தான் சரி. அந்தத் தெருவின் அகலத்தை வாயால் சொல்லாமல் டேப்பால் அளந்து படத்தில் குறியுங்கள், முன் இடைவெளி அதைப் பொறுத்தே வரும். வருவாய்த் துறையின் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் வரைபடம்) ஒருமுறை பாருங்கள். தோட்டத்தின் ஓரமாக ஊருணிக்கு நீர் போகும் வரத்துக்கால் இருக்கலாம். தரையில் அது தூர்ந்து, தெரியாமல் போயிருக்கும். புலப்படத்தில் கோடாக இருக்கும். அதன்மேல் ஒரு அடி ஏறினாலும் அனுமதி சிக்கும், ஊரும் கேட்கும்.

படத்தில் குறைந்தபட்ச அளவுகளை விடாதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. சமையலறை 5 சதுர மீட்டர், அகலம் 1.8. குளியலும் கழிப்பறையும் சேர்ந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2. அறை உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. வெளி அளவு 20-க்கு 20 அடி, 9 அங்குலச் சுவர் என்றால் உள்ளே கிடைப்பது 18½-க்கு 18½. கூடத்தோடு ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை தாராளமாக அடங்கும். வயதானவர் இருக்கப்போகிறார் என்றால் கழிப்பறைக் கதவை 3 அடியாக வையுங்கள். அனுமதிக்கு இது கட்டாயமில்லை, ஆனால் கட்டிய பிறகு அகலப்படுத்த முடியாது.

கிணறுள்ள தோட்டங்களில் கழிவுநீர்தான் பெரிய கண்ணி. இந்தியத் தர நிர்ணயப்படி, கழிவுநீரை மண்ணில் உறிஞ்சவிடும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுமார் 59 அடி. இங்கே கிணறு பெரும்பாலும் பின்கட்டை ஒட்டியே இருக்கும். 60 அடி அகல மனையில் பக்கவாட்டில் எங்கே வைத்தாலும் அந்தத் தூரம் வராது, தோட்டத்தின் பின்கோடிக்கே போக வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் அளக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கான செப்டிக் தொட்டி உள் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், நீர் ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர். உறிஞ்சு குழியைப் பின்தெருப் பக்கம் வைத்து, கழிப்பறையையும் அந்தப் பக்கமே திருப்பிவிட்டால் குழாய் நீளமும் குறையும். கழிப்பறையைக் கிணற்றுப் பக்கம் வைத்துப் படம் போட்டபின் குழிக்கு இடம் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலம் முழுக்கக் கட்டாயம். புதுக் கூரையின் நீரைக் கிணற்றுப் பக்கம் வடிகட்டி விடலாம், கழிவுநீருக்கு எதிர்த்திசை.

பழைய சுவரை ஒட்டிப் புது அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். சுண்ணாம்புக் கட்டுமானச் சுவர்கள் தம் எடையாலேயே நிற்பவை. பக்கத்தில் குழி வெட்டி மழை பெய்தால் மண் சரிந்து சுவரில் வெடிப்பு ஓடும். புது வீட்டின் தளத்தைப் பழைய சுவரில் ஏற்றிச் செலவைக் குறைக்கச் சொல்லும் மேஸ்திரியை அனுமதிக்காதீர்கள். இடையே நடக்கவும் சுவரைப் பூசவும் தோதாக இடம் விட்டால் இரண்டு வீட்டுக்கும் காற்று வரும்.

ஷீட் கூரைதானே, அனுமதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கூரை எதுவானாலும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கட்டியதை 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தலாம், பூட்டி முத்திரையும் இடலாம்.

சாதாரண வழியில் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் 1 சதவீதம் வரும். சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு ஒரு வரம்புக்குள் என்றால் விலக்கு உண்டு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் வரும் வரை அந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. பொறியாளரின் மதிப்பீட்டை ஏற்றுவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

மின் இணைப்பு இரண்டாவதாக வேண்டுமென்றால் தனி வாசலும் தனிச் சமையலறையும் நிஜமாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை இரட்டிப்பாக்க ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைப்பதை வாரியம் சோதிக்கிறது, இணைத்தும் விடுகிறது. கட்டி முடிந்ததும் சொத்து வரிக்கு நீங்களே போய் எழுதிவையுங்கள். ஊராட்சி என்றால் கிராம ஊராட்சி வரித்தளத்தில், நகரம் என்றால் நகராட்சி நிர்வாகத்தின் தளத்தில். பழைய வீட்டு வரி எண்ணோடு சேர்ப்பதா, தனி எண்ணா என்பதைப் பங்காளிகளோடு பேசி முடிவெடுங்கள். தனி எண் வாங்கினால் அந்தக் கட்டடம் யாருடையது என்பதற்கு அதுவும் ஒரு தடயமாகும்.

மதிப்பெண் கேட்டால், காலனி மனைக்குச் சுயசான்றுக்கு 5-க்கு 4½. வளவு வீட்டுத் தோட்டத்துக்குச் சாதாரண வழிக்கு 3. மனை அளவு வரம்பைப் பழைய ஊர்களுக்காவது தளர்த்தினால் இந்த இடைவெளி மூடிவிடும்.

விண்ணப்பத்தைப் பிறரிடம் கொடுத்துப் போடச் சொல்வது தவறில்லை. ஆனால் கணக்கு உங்கள் கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் திறந்திருக்கட்டும். இடைத்தரகர் எண்ணில் திறந்தால் ஓடிபி அவருக்குப் போகும், உங்கள் பெயரில் என்ன உறுதிமொழி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியாது. கட்டணத்தை இணையதளத்தில் நேராகக் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் கூலியின் கடைசித் தவணையை, அனுமதியிலுள்ள கியூஆர் குறியீட்டை உங்கள் கைபேசியில் சோதித்து, அதில் வரும் சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் கொடுங்கள்.